யாருக்கு எளிது? – அரச இணையச் சேவைகளின் உருவமும் உள்ளடக்கமும்

ஒரு நாவலையோ கவிதைத் தொகுதியையோ மதிப்பிடப் புகும்போது, ‘இது யாரை நோக்கி எழுதப்பட்டது? யாருடைய வாழ்க்கையைத் தன் அளவுகோலாகக் கொண்டது?’ என்று வினவுவது முற்போக்குத் திறனாய்வின் முதற்படி. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றிய காலந்தொட்டு இவ்வினாக்களே நமது இலக்கிய விவாதங்களின் உயிர்நாடியாக இருந்து வந்துள்ளன. உருவமா, உள்ளடக்கமா என்ற சர்ச்சையும், மக்களின் பேச்சுமொழிக்கு ஏட்டில் இடமுண்டா என்று அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டமும் இவ்வினாக்களின் கிளைகளே.

ஆயின், நாம் இதுவரை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளாத ஓர் எழுத்து வகை உண்டு. எந்த நாவலாசிரியனுக்கும் வாய்க்காத வாசகர் கூட்டம் அதற்கு வாய்த்திருக்கிறது. விரும்பியோ விரும்பாமலோ நாட்டின் ஒவ்வொரு குடும்பமும் அதைப் படித்தேயாக வேண்டும். நாவல் புரியவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். இது புரியாவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, முதியவருக்கு உதவித்தொகை இல்லை, இளைஞனுக்கு அடையாள அட்டை இல்லை. அரசாங்கத்தின் விண்ணப்பப் படிவத்தையே குறிப்பிடுகிறேன். நேற்றுவரை தாளில் இருந்த அப்படிவம் இன்று கைத்தொலைபேசித் திரையில் ஏறியிருக்கிறது. திரையில் ஏறியதைத் திருத்தியமைத்து, எவரும் இலகுவாகக் கையாளத்தக்கதாக ஆக்கவேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்துள்ளது. நமது நாட்டிலும் கேட்கிறது. நல்ல குரல்தான். எனினும், எளிமை என்றால் யாருக்கு எளிமை என்ற வினாவை முதலில் எழுப்பாமல் அக்குரலோடு நம் குரலைச் சேர்ப்பதற்கில்லை.

கோட்பாடும் அதன் பெருமையும்

மறுவடிவமைப்பாளரின் கோட்பாட்டை நேர்மையாக எடுத்துரைப்பது நமது கடமை. பிரித்தானியாவில் 2010இல் மார்த்தா லேன் ஃபொக்ஸ் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2011இல் அரச டிஜிட்டல் சேவை என்னும் பிரிவு அமைக்கப்பட்டது. திணைக்களத்துக்குத் திணைக்களம் சிதறிக் கிடந்த தளங்களை ஒருங்கிணைக்கும் ‘கவ்.யூகே’ தளத்தை அப்பிரிவு 2012 ஒக்டோபரில் திறந்தது. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளுள் தலையாயது, அரசாங்கத்தின் வசதியிலிருந்து தொடங்காமல் பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது. அமைச்சரின் புகைப்படமும் வாழ்த்துரையும் முகப்பிலிருந்து அகன்றன. திணைக்களத்தின் உட்பிரிவுகளை மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் விளங்கும் பட்டியல்கள் அகன்றன. ‘எனக்கு எது வேண்டும், அதற்கு என்ன செய்யவேண்டும்’ என்ற இரண்டே கேள்விகளுக்கு எளிய சொற்களில் விடை கிடைத்தது. அலங்காரம் எதுவுமற்ற அத்தளத்துக்கு 2013ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்ற விருதை லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் வழங்கியது.

இக்கோட்பாட்டின் மற்றோர் உயர்ந்த அம்சம் அதன் சோதனை முறை. படிவத்தை ஆக்கியவன் அதைப் பற்றிக் கூறும் புகழுரை செல்லாது. அதை நிரப்பவேண்டியவரை அமரவைத்து, உதவி செய்யாமல் அருகில் இருந்து பார்; அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தவறுகிறார், எங்கே கைவிடுகிறார் என்று குறித்துக்கொள்; பிழை அவருடையதன்று, படிவத்தினுடையது. ஜேக்கப் நீல்சன் முதலானோர் தொண்ணூறுகளிலேயே வற்புறுத்திய முறை இது. ஐந்து பேரை இவ்வாறு கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கண்ட முடிவு. மக்களிடம் கற்றுக்கொள் என்று இலக்கியத்தில் நாம் சொன்னதும் இதுவும் வெகு தொலைவில் இல்லை.

ஆனால், அந்த ஐந்து பேர் யார்? கோட்பாட்டின் வலிமையும் வலுவின்மையும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியுள்ளன. கொழும்பு அலுவலகமொன்றின் குளிரூட்டிய அறையில், நிறுவனத்தின் ஊழியர்களுள் ஐவரை அமர்த்திச் சோதித்தாலும் சோதனை சோதனைதான், ஐந்து ஐந்துதான். ஆகவே இக்கோட்பாட்டைக் கித்துல்கலவுக்குக் கொண்டுவந்து உரைத்துப் பார்ப்போம்.

கித்துல்கல என்னும் உரைகல்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், கேகாலை மாவட்டத்தில், களனி கங்கையின் கரையிலே உள்ளது கித்துல்கல. டேவிட் லீனின் ‘க்வாய் நதிப் பாலம்’ என்ற திரைப்படத்துக்காக ஒரு பாலத்தை இங்கே கட்டிப் படப்பிடிப்பின் முடிவில் தகர்த்தார்கள். 1957இல் வெளிவந்த அப்படத்தின் புகழால் இன்றும் ஊருக்குப் பயணிகள் வருகிறார்கள். ஆற்றின் சுழிப்பில் காற்றடைத்த படகுகளில் சவாரி செய்வது இவ்வூரின் இன்றைய தொழில்களுள் ஒன்று. அச்சவாரிக்கு லண்டனில் இருந்தபடியே இணையத்தில் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடலாம். படங்கள் தெளிவு, விலை தெளிவு, வழி தெளிவு. அங்கே எவரும் ஓரிடத்திலும் தடுக்கி விழுவதில்லை.

அதே ஆற்றுக்கு மேலே, தேயிலையும் றப்பரும் படர்ந்த சரிவுகளில், லயங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, அப்பால் இரத்தினபுரி எனச் சப்ரகமுவ முழுதும் இத்தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் திரண்டு வாழவில்லை. எண்ணிக்கையின் பலம் இல்லை. இவர்களிற் பலர் சந்தையிலும் சாலையிலும் சிங்களம் சரளமாகப் பேசுவர். ஆனால் பேசுவோர் எல்லோரும் அம்மொழியைப் படிக்க வல்லவரல்லர். தமிழில் உயர்வகுப்புவரை படிக்க வாய்த்தவரும் குறைவு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவுக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளுள் தோட்டத்துறையே கடைசியில் நிற்கிறது.

இங்குள்ள ஒரு தொழிலாளிப் பெண்ணை மனத்தில் கொள்வோம். அவளுடைய கைத்தொலைபேசி அவளுடையது மட்டுமன்று. கணவன், பிள்ளை, சில வேளை பக்கத்துக் காம்பராக்காரர் வரை பங்கிட்டுக்கொள்வது. மலை மடிப்பில் அலைவரிசை ஓரிடத்தில் கிடைக்கும், நான்கடி தள்ளிக் கிடைக்காது. காலையில் பிரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவளுக்கு ஓய்வில்லை. அரச அலுவலகத்தை நாடினால் அன்றைய பெயர் விழாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவென்றும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவென்றும் நிர்ணயிக்கப்பட்டது. படிவத்தில் ஒரு கட்டம் விளங்காமையால் யட்டியாந்தோட்டைக்கு ஒருமுறை அலைய நேர்ந்தால் இழப்பு ஒரு நாட்கூலியும் பஸ் கட்டணமுமாகும். வடிவமைப்புப் பிழை என்று புத்தகத்தில் எழுதப்படுவதற்கு லயத்தில் இதுவே விலை.

கடினம் தற்செயலானதா?

படிவத்தின் கடினத்தை எழுதுவோரின் கவனக்குறைவு என்றே மறுவடிவமைப்பாளர் கருதுகின்றனர். மலையகத் தமிழரின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

இம்மக்களின் வாழ்வைத் தாள்கள் ஆண்ட கதை நீண்டது. முதலில் வந்தது ‘துண்டு’. கடன் தீர்ந்தது என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் அத்தாளில்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்தில் வேலை பெறமுடியாது. ஒரு காகிதத் துணுக்கு மனிதனைக் கட்டிப்போட்டது. 1921இலேதான் சட்டம் அதை ஒழித்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதையடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இம்மக்களுக்கு விண்ணப்பிக்க ஒரு வாய்ப்பைத் தருவதுபோல் வந்தது. மணமானோர் 7 ஆண்டு, மணமாகாதோர் 10 ஆண்டு, 1946 ஜனவரிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததைச் சான்றுகளுடன் நிறுவவேண்டும் என்றது அச்சட்டம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம், தோட்ட நிர்வாகத்தின் பேரேடுகளிலே மாத்திரம் தம் பெயரைக் கண்ட மக்களிடம், தாளைக் கொண்டு வா என்று கேட்டது. விண்ணப்பித்தோரில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். எஞ்சிய 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிடுவதாக 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்ய. நாடற்ற நிலை சட்டத்தில் இறுதியாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

1949இன் அந்தப் படிவம் மோசமாக எழுதப்பட்டதாலா மக்கள் தோற்றனர்? இன்றைய வல்லுநரை அழைத்து, தெளிந்த எழுத்தில், அழகிய இடைவெளியுடன், ஒரு பக்கத்தில் ஒரு கேள்வியாக அதைத் திருத்தி அமைத்திருந்தால் அவர்கள் குடிமக்களாகியிருப்பார்களா? ஆகியிருக்கமாட்டார்கள். கடினம் அங்கே பிழையன்று, கொள்கை. ‘நீ யார் என்று நீயே நிரூபி’ என்று சான்றின் சுமை முழுவதையும் ஏழையின் தோளில் வைத்ததே அப்படிவத்தின் உள்ளடக்கம். அந்தச் சுமை இடம் மாறாதவரை, உருவத்தில் செய்யும் திருத்தம் துரை பார்வையிட வருமுன் லயத்துக்கு வெள்ளையடித்தது போன்றதே. சுவர் வெளுக்கும், காம்பரா பெரிதாகாது.

இக்கூற்றுக்கு இன்றைய உலகிலும் சான்று உண்டு. அழகிய தளத்தைப் படைத்த அதே பிரித்தானியாவில், 2013 முதல் நடைமுறைக்கு வந்த ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் நலன்புரித் திட்டம் இணையத்தையே விண்ணப்பத்தின் முதல் வாயிலாக்கியது. முதற் கொடுப்பனவு கைக்கு வர ஐந்து வாரம் காத்திருக்கவேண்டும். வறுமை தொடர்பான ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், 2018 நவம்பரில் அந்நாட்டைப் பார்வையிட்டபின், டிஜிட்டல் முறையே வறியோருக்குத் தடையாகியிருப்பதைக் கண்டித்தார். படிவத்தின் சொற்கள் எளியவை. அதன் உள்ளிருந்த சட்டம் கொடியது. உருவம் எவ்வளவு சிறந்ததாயினும் உள்ளடக்கத்தின் குற்றத்தைக் கழுவாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெயர், முகவரி, மொழி

இனி நமது படிவங்களின் உள்ளே சற்றுக் கூர்ந்து நோக்குவோம். மூன்று கட்டங்களே போதும்.

முதலாவது, பெயர். பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று எனத் திரையில் இரண்டு கட்டங்கள் நிற்கின்றன. ஐரோப்பியனுக்குப் பொருந்தும், சிங்களவரிற் பலருக்கும் பொருந்தும். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயரின் முன் இட்டு வழங்கும் தோட்டத் தமிழனுக்குக் குடும்பப் பெயர் எது? ஒரு முறை தகப்பன் பெயரை எழுதுவார். மறுமுறை தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுவார். தோட்டத்துப் பிறப்புகளை நிர்வாகத்தின் வழியே பதிந்த காலத்தில், தமிழ்ப் பெயரைக் கேட்டவர் தமக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். 2014இல் இருமொழி அட்டை வரும்வரை, வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்ந்த தமிழரின் அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் இருந்தது. இவ்வாறு ஒரே மனிதருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர். முகம் பார்த்துப் பழகிய கிராம உத்தியோகத்தர் ‘எல்லாம் ஒருவரே’ என்று அறிவார். இயந்திரம் அறியாது, எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் வாயிலைத் திறக்கும். இங்கே பிழைத்தது யார்? மூன்று பெயர்களையும் எழுதியவர்கள் அதிகாரிகள். அப்பிழைக்கு அபராதம் கட்டுபவர் தொழிலாளி.

இரண்டாவது, முகவரி. வீட்டிலக்கம், வீதி, நகரம் என்று படிவம் கேட்கிறது. லயக் காம்பராவுக்கு வீதி ஏது? நூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்தில் குவிந்து, அங்கிருந்து கைமாறி வந்து சேர்வது இம்மக்களின் பழைய குறை. காணியுரிமை இல்லாதவருக்குத் தனி முகவரியும் இல்லை. ஆகவே ‘வீட்டிலக்கம் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் திரை எச்சரிக்கும்போது, அது ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறுக்கப்பட்ட ஓர் உரிமையை இரண்டு நிமிடத்தில் காட்டச் சொல்கிறது.

மூன்றாவது, மொழி. 1956இல் சிங்களம் மட்டும் என்று வந்த சட்டம் பெயரளவிலேனும் நீங்கி, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988இன் பதினாறாம் திருத்தத்தின்படி, சப்ரகமுவ போன்ற மாகாணத்தில் நிருவாக மொழி சிங்களமாயினும், தமிழிலே அரசோடு தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் எவருக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கண்காணிக்க 1991இன் சட்டப்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் உண்டு. ஆனால், சட்டத்தில் உள்ள தமிழ் வேறு, திரையில் உள்ள தமிழ் வேறு. முகப்புப் பக்கம் தமிழில் வரவேற்கும். உள்ளே இரண்டாவது சொடுக்கிலே ஆங்கிலம் எதிர்ப்படும். பிழை நேர்ந்ததென்று அறிவிக்கும் வாசகம், அதாவது மக்களுக்கு மிகவும் தேவையான வாசகம், பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமலே கிடக்கும். நீண்ட காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட அரச ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாயின. யுனிகோட் முறை பரவியபின் இக்குறை ஓரளவு நீங்கியது. எனினும் கருவி திருந்திய அளவுக்கு மனப்பான்மை திருந்தவில்லை. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையில் ‘தா’ என்ற எழுத்து ‘நா’வாகி, தாய்மார் நாய்மாரான பலகையைப் பலரும் பத்திரிகைகளில் கண்டிருப்பர். அது சிரித்துக் கடக்கும் அச்சுப்பிழையன்று. அந்தப் பலகை தொங்கவிடப்படும்வரை தமிழறிந்த ஒருவருக்கும் அது காட்டப்படவில்லை என்பதே அதன் பொருள்.

பிழை இல்லாத தமிழாயினும் அது எத்தகைய தமிழ் என்ற வினா எஞ்சுகிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி முடித்த வாக்கியத்தை அகராதியின் துணையால் பெயர்த்து வைத்த தமிழ், இலக்கணப்படி சரியாகவும் பொருளில் ஊமையாகவும் இருக்கக்கூடும். ‘குடியிருப்பின் உடைமை வகையைக் குறிப்பிடுக’ என்பது தமிழ்தான். ‘இந்த வீடு யாருடையது? உங்களுடையதா, தோட்டத்தினுடையதா?’ என்பதும் தமிழ்தான். முதலாவதன் முன் தொழிலாளி தயங்குவார்; இரண்டாவதற்கு உடனே விடை சொல்வார். மக்களின் வழக்கை இழிசனர் வழக்கென்று இகழ்ந்த பண்டிதரை இலக்கியத்தில் எதிர்த்து நின்ற நாம், அதே பண்டிதம் திரைக்குள் குடியேறும்போது வாளாவிருப்பது தகுமா?

அஸ்வெசும தந்த பாடமும் எரிபொருள் அட்டை தந்த பாடமும்

பொருளாதார நெருக்கடியின் விளைவாக, சமுர்த்திக்கு மாற்றாக 2023 ஜூலையில் தொடங்கியது அஸ்வெசும திட்டம். 2022இல் அதற்கு ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, உடைமை, குடியிருப்பு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமையை அளந்து, குடும்பங்களை நான்கு படிகளாக வகுத்து, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வழங்குவது தொடக்கத்தில் அதன் ஏற்பாடு. பெயர்ப் பட்டியல் வெளியானதும் நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. வறியவர் பலர் விடுபட்டனர் என்றும் வசதியுள்ளோர் பலர் இடம்பெற்றனர் என்றும் மக்கள் பிரதேச செயலகங்களின் முன் திரண்டனர். மேன்முறையீட்டுக்கு இடம் தரப்பட்டது. அதற்குச் சில வாரங்களே அவகாசம். இணையத்தளம் அதன் முக்கிய வாயில்களுள் ஒன்று.

இங்கே மறுவடிவமைப்பு எங்கிருந்து தொடங்கவேண்டும்? மேன்முறையீட்டுப் பக்கத்தின் பொத்தான் பெரிதாகட்டும், நிறம் தெளிவாகட்டும், மறுக்கவில்லை. ஆனால் ‘உன் பெயர் ஏன் விடுபட்டது’ என்ற காரணத்தை அவள் மொழியில் அவளுக்குச் சொல்லாத ஒரு திட்டத்தில், எதை மறுத்து முறையிடுவது? லயத்துச் சுவர் கல்லாலானது என்று குறிகாட்டி பதிவு செய்யலாம். அச்சுவர் அவளுடையதன்று என்பதை எந்தக் கட்டத்தில் பதிவாள்? கொடுப்பனவு வங்கிக் கணக்கில் வருமென்றால், வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் பெயர் பிழை. ஒவ்வொரு தளமும் தனித்தனியே எளிதாயிருக்கலாம். எல்லாம் சேர்ந்த சங்கிலி அவள் காலில் விலங்காகிறது. வடிவமைப்பாளர் ஒரு பக்கத்தைப் பார்க்கிறார். தொழிலாளி முழுப் பாதையையும் நடக்கிறாள்.

நன்மையைக் கண்டால் நன்மையென்று சொல்லத் தயங்கலாகாது. 2022 ஜூலையில், எரிபொருள் வரிசைகள் நாட்களாக நீண்டிருந்த வேளையில், தேசிய எரிபொருள் அனுமதி என்னும் கியூஆர் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டெம்பரில் நிறுத்தப்படும்வரை அது வரிசைகளை ஒழுங்குபடுத்தியது. அதன் வெற்றிக்குக் காரணங்களுள் ஒன்று மிக எளியது. குறியீட்டைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றாலும் செல்லுபடியாகும். முச்சக்கர வண்டிச் சாரதி ஒருமுறை கடையில் பதிந்து, அச்சிட்டு, கண்ணாடித்தாள் ஒட்டி, சாவியோடு தொங்கவிட்டுக்கொண்டார். நவீனத் தொலைபேசியும் வேண்டாம், அலைவரிசையும் வேண்டாம். சுமையை இயந்திரம் ஏற்றது. மனிதர் ஒரு தாளை மட்டும் ஏந்தினார். இது தற்செயலாகவோ திட்டமிட்டோ கண்ட உண்மை, வாகனமில்லாத மக்களுக்கான சேவைகளிலும் ஏன் விதியாகக்கூடாது?

அயலிலும் இதே பாடம் கிடைத்தது. இந்தியாவில் 2021இல், 18 முதல் 44 வயதினர் தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் முன்பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் அது ஆங்கிலத்தில் இயங்கியது. கிராமத்து மக்கள் எப்படிப் பதிவர் என்று உச்ச நீதிமன்றமே வினவியது. நேரில் சென்று பதியவும் வழி விடப்பட்டது. ஜூனில் தமிழ் உள்ளிட்ட மொழிகள் சேர்ந்தன. கேள்வி எழுந்தபின்பே கதவு அகன்றது, தானாக அகலவில்லை.

இரு மறுப்புகள்

நம்மிடையே சிலர், ‘கணினியே முதலாளித்துவத்தின் கருவி; பழைய தாளும் அலுவலகமும் போதும்’ என்பர். இது தவறான முடிவு. பழைய அலுவலகம் தொழிலாளிக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை. கையொப்பத்துக்குக் காத்திருந்த நாட்களும், இடைத்தரகருக்குக் கொடுத்த காசும், தலைவர் மனம் குளிர்ந்தால்தான் நகர்ந்த கோப்பும் அங்கே இருந்தன. இயந்திரம் கையூட்டுக் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. அந்த நன்மையை விட்டுக்கொடுக்க நாம் ஏன் ஒப்பவேண்டும்? எதிர்க்கவேண்டியது கருவியையன்று, கருவி யாருடைய வாழ்க்கையை அளவாகக் கொண்டு செய்யப்பட்டது என்பதையே.

வேறு சிலர், ‘முதலில் மக்கள் படிக்கட்டும், பின்னர் சேவை தானே எளிதாகும்’ என்பர். கல்வி வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. எனினும் இக்கூற்று, தடுக்கி விழுந்தவனைப் பார்த்து நடக்கப் பழகு என்று சொல்லிவிட்டு, வழியில் கிடக்கும் கல்லை அப்படியே விட்டுவைப்பதாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மக்கள், ஒரு படிவத்தை நிரப்பத் தகுதி பெறும்வரை காத்திருக்கக் கடமைப்பட்டவர்களல்லர். அரசு அவர்களுக்கு விளங்கும்படி பேசக் கடமைப்பட்டது.

என்ன செய்யவேண்டும்?

மறுவடிவமைப்புக்கு நாம் வைக்கும் அளவுகோல் ஒன்றே: சுமை இடம் மாறியதா? இதனின்று பிற யாவும் பிறக்கும். அரசிடம் ஏற்கெனவே உள்ள தகவலை மீண்டும் மக்களிடம் கேட்கலாகாது. ஒரே மனிதரின் மூன்று பெயர்களை ஒன்றென இணைக்கும் பொறுப்பு, அவற்றை மூன்றாக எழுதிய திணைக்களங்களுக்கே உரியது. தோட்டத்தின் பெயரும் லயமும் காம்பரா இலக்கமும் முழு முகவரியாக ஏற்கப்படவேண்டும். பங்கிட்டுக்கொள்ளும் தொலைபேசியையும், நடுவில் அறுந்துபோகும் அலைவரிசையையும் இயல்பான நிலையாகக் கொண்டு, பாதி நிரப்பியதைக் காத்துவைக்கும் ஏற்பாடு வேண்டும். தமிழ்ப் படிவம் மொழிபெயர்ப்பாகப் பிறவாமல், தமிழில் எழுதப்பட்டு, யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலயிலும் ஐந்து தொழிலாளர் முன் வைத்துச் சோதிக்கப்படவேண்டும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணம் அவரவர் மொழியில், வாய்மொழியாகவும் தெரிவிக்கப்படவேண்டும். 1919 என்ற எண்ணில் 2006இல் தொடங்கிய அரச தகவல் நிலையம், படிக்க இயலாதவரும் கேட்டறியலாம் என்ற நல்ல வழியைக் காட்டியது, அவ்வழி விரிவடையவேண்டும். அரச கட்டணங்களைச் செலுத்த 2025 பெப்ரவரியில் ‘கவ்பே’ வந்தது. இத்தகைய புதிய வாயில்கள் எத்தனை திறந்தாலும், நேரில் வரும் வாயில் அடைக்கப்படலாகாது. அதில் வருபவர் இரண்டாந்தரக் குடிமகனாக நடத்தப்படலாகாது.

சேவை மக்களைத் தேடிச் செல்லும் மரபு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. 1934 – 35இல் மலேரியா கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்தின் இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து குடிசை குடிசையாக நடந்தனர். பருப்பு விநியோகித்தமையால் ‘பருப்பு மஹத்தயா’ என்று மக்கள் அன்போடு அழைத்த என். எம். பெரேரா, 1936இல் ருவான்வெல்லத் தொகுதியில் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவ்விளைஞர் நோயாளியிடம் வீட்டிலக்கம் கேட்கவில்லை. அம்மரபை இன்றைய கருவிகளோடு இணைப்பதே உண்மையான மறுவடிவமைப்பு.

இப்பணியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனிப் பங்கு உண்டு. தோட்டங்களில் இன்று இப்படிவங்களை உண்மையில் நிரப்புவோர் யார்? பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மாலையில் ஆசிரியர், பட்டணத்துத் தொடர்பாடல் கடைக்காரர். அரசின் கணக்கில் ஏறாத இவ்வுழைப்பே, சேவை எளிதாகிவிட்டது என்ற தோற்றத்தைத் தாங்கி நிற்கிறது. தாயின் வருமானத்தையும் பாட்டியின் நோயையும் பதின்மூன்று வயதுப் பிள்ளை திரையில் எழுதவேண்டியிருப்பது எளிமையன்று. அரசின் வேலை குழந்தையின் தலையில் ஏற்றப்பட்டிருப்பது. உதவுவதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. உதவும்போது ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் அந்தத் தாய் நின்றாள், எந்தச் சொல் விளங்கவில்லை, எத்தனை முறை யட்டியாந்தோட்டைக்கு அலைந்தாள், எத்தனை நாட்கூலி போயிற்று என்று, பெயரை மறைத்து, நாளும் விவரமும் மட்டும் எழுதுங்கள். பத்துப் பள்ளிகளில் பத்துக் குறிப்பேடுகள் சேர்ந்தால், எந்தத் திணைக்களமும் மறுக்கவியலாத விமர்சன நூல் ஒன்று உருவாகும். அதை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவின் முன்னும், நலன்புரி நன்மைகள் சபையின் முன்னும், தொழிற்சங்கங்களின் முன்னும் வையுங்கள்.

தமிழில் எளிமை என்ற சொல்லுக்கு இலகு என்றும் பொருள். எளியோர் என்றால் ஏழைகள் என்றும் பொருள். எளியோருக்கு எளிதாகாத எதுவும் எளிதன்று. அவ்வாறு ஆகும்வரை நமது திறனாய்வு ஓயலாகாது.